மருமவன் காருக்கு மாட்ரிக்ஸ் லைட்டு

மருமவனே, உன் பழைய காருக்கு மாட்ரிக்ஸ் எல்இடி லைட்டு மாட்டப் போறியாமே! நல்ல காரியம். நான் குறுக்க நிக்கமாட்டேன். தாய்மாமன் தடுத்துட்டான்னு நாளைக்கு ஊருல ஒரு பேச்சு வரக்கூடாது பாரு.

அது லேசுப்பட்ட லைட்டு இல்ல. 2013ல ஆடி கம்பெனிக்காரன் ஏ8 காருல கொண்டாந்தான். ஒவ்வொரு விளக்குலயும் பிரைட்டுக்கு மட்டும் 25 எல்இடி. முன்கண்ணாடிக்குப் பின்னால ஒரு கேமரா உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கும். எதுத்தாப்ல வண்டி வந்தா அந்தத் திசைக்கு உள்ள எல்இடியை மட்டும் அமத்திரும், மத்ததெல்லாம் பிரைட்டாவே எரியும். அவனுக்குக் கண்ணு கூசாது, உனக்கு ஓரத்துப் பள்ளமும் தெரியும். அமெரிக்காக்காரன் யோசிச்சு யோசிச்சு 2022லதான் இதுக்கு வழிவிட்டான். நீ ஒரே ராத்திரியில முடிவெடுத்துட்ட. கெட்டிக்காரன்!

ஆனா லைட்டை மட்டும் வாங்கி மாட்டுனா அது எரியும், யோசிக்காது. கேமரா வேணும். அது சொல்லுததைக் கேட்டு எல்இடியை அமத்த ஒரு கண்ட்ரோல் யூனிட் வேணும். வயரிங் புதுசா இழுக்கணும். பாரம் ஏறி வண்டி பின்னால அமுங்குனா வெளிச்சம் மேல தூக்காம இருக்க சென்சார் வேணும். பெறகு லேப்டாப்பை மாட்டி கோடிங் போடணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வேற இருக்கு. வண்டியோட அமைப்பை இஷ்டத்துக்கு மாத்துனா, ஒரு மாத்தத்துக்கு 5,000 ரூவா அபராதம்னு 2019 திருத்தத்துல போட்டுட்டான். ஆறு மாசம் உள்ள தள்ளவும் வழியிருக்கு. எங்க அக்காளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

அதென்னமோ மலிவா கிடைச்சதுன்னு ஒரு எல்இடி பல்பை இப்பவே சொருவி வச்சிருக்கியே, அதோட சங்கதி தெரியுமா? ஹாலஜன் பல்புக்குள்ள கம்பி இருக்குத எடத்தைக் கணக்குப் பண்ணித்தான் அந்த ரிஃப்ளெக்டரை வளைச்சிருக்கான். அதுல வேற பல்பைச் சொருவுனா வெளிச்சம் கண்ட பக்கம் சிதறும். அன்னைக்குக் கம்மாக்கரையில சைக்கிள்ல வந்தேன்லா, உன் புண்ணியத்துல பனையில தொங்குத தூக்கணாங்குருவிக் கூட்டையெல்லாம் எண்ணி முடிச்சேன். சக்கரத்துக்கு முன்னால கெடந்த குழிதான் தெரியல. நீயும் ‘மாமா சும்மாதான நிக்காரு’ன்னு ஹாரனை அடிச்சுட்டுப் போயிட்ட.

சரி, மாட்ரிக்ஸ் லைட்டே மாட்டுனாலும், நீ ஓட்டுதது ரெண்டே ரோடு. ஒண்ணு, கோவில்பட்டியில இருந்து திருநெல்வேலி போற நாலுவழிச் சாலை. நடுவுல வரிசையா அரளி நிக்கில்லா, அது அழகுக்கு மட்டும் வச்சதில்ல. எதிர்வண்டி வெளிச்சத்தையும் மறைக்கும், ஆடும் கடிக்காது. லாரியில தண்ணி கொண்டாந்து ஊத்தி வளக்கான். இன்னொண்ணு நம்ம ஊரு ஒத்தை ரோடு. அந்தக் கேமரா பெரும்பாலும் விளக்கைப் பாத்துத்தான் வண்டின்னு கண்டுபிடிக்கும். பின்னால ஒரு சிவப்பு லைட்டுகூட இல்லாம மக்காச்சோளம் ஏத்திட்டுப் போற மேலத்தெரு டிராக்டரை அது வண்டின்னே ஒத்துக்காது. மொத்த பிரைட்டையும் அவன் முதுகுல கொட்டும். முன்கண்ணாடியில கரிசல் புழுதி அப்பிக் கெடந்தா, அந்தக் கேமராவுக்கும் என்னைய மாதிரி கண்புரைதான்.

லைட்டு வரதுக்குள்ள செலவு கம்மியா மூணு வேலை சொல்லுதேன். அந்தப் பல்பைக் கழட்டிட்டு கம்பெனி பல்பை மாட்டு. மஞ்சப் பூத்துக் கெடக்குத ஹெட்லைட்டுக்குப் பாலிஷ் போடு. ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3ன்னு ஒரு திருகு இருக்கே, அது பாட்டுப் பெட்டிக்கு உள்ளதுன்னு நெனச்சியா? பின்சீட்டுல ஆளும், டிக்கியில உங்க அத்தை ஏத்திவிடுத சீர்வரிசையும் ஏறுனா வெளிச்சத்தைக் கீழ இறக்கத்தான் அது.

கடைசியா ஒண்ணு. எதுத்தாப்ல ஆளு வந்தா நீ டிம் போடுவன்னு கார் கம்பெனிக்காரனுக்கே நம்பிக்கை இல்ல; அதான் கேமராவை வச்சு உன் வேலையை அதுகிட்ட கொடுத்துட்டான். ஸ்டியரிங் அடியில நீட்டிக்கிட்டு இருக்குத குச்சியை ஒரு விரலால தட்டிப் பழகு, காசு கேக்காது. அது கைவந்த பெறகு புதுக் காரே வாங்கு, கம்பெனியே மாட்டுன மாட்ரிக்ஸ் லைட்டோட. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நான் வாங்கித் தாரேன்.