சத்தமில்லாத ஏலம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

  சித்தியின் முழங்கால் வலி தேவலையா?

போன சனிக்கிழமை எங்கள் சபையில் விருந்து. வட கரோலினாவில் சபை விருந்து என்றால் பன்றிக்கறிதான். சார்லட் பக்கம் மல்லார்ட் கிரீக் சபையார் 1929-லேயே இதை ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் சபையில் முழுப் பன்றியை ராத்திரி முழுக்கத் தணலில் வாட்டி, நார்நாராகப் பிய்த்து, வினிகரும் மிளகாயும் கலந்து ஊற்றுகிறார்கள். தணல் பார்ப்பது ஆண்கள் வேலை. நம்மூர்ச் சபை அசன விருந்தில் அண்டாவைச் சுற்றி நின்று உப்புக்குச் சண்டை போடுவார்களே, அதே பெரியவர்கள்தான், தொப்பி மட்டும் வேறு.

இவர்களுக்குச் சண்டை தக்காளியில். கிழக்கே இருப்பவர்கள் தக்காளியைத் தொடமாட்டார்கள். மேற்கே லெக்சிங்டன்காரர்கள் பன்றியின் தோள்பட்டைக் கறியை மட்டும் வாட்டி, சாற்றில் தக்காளியும் சேர்ப்பார்கள். நம் பக்கம் 1947-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று பல சபைகளைச் சேர்த்துத் தென்னிந்தியத் திருச்சபை ஆக்கிவிட்டார்கள். இந்தச் சாற்றை ஒன்றாக்க எந்தப் பேராயராலும் முடியாது.

எங்கள் விருந்து ஒரு பல் டாக்டரின் நினைவாக. வருஷா வருஷம் சபைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹோண்டுராஸ் போய், மலைக் கிராமங்களில் காசு வாங்காமல் பல் பிடுங்கிவிட்டு வருவார். இப்போது அவர் இல்லை. ஊழியப் பயணம் நிற்கக்கூடாது என்று இந்த வசூல்.

சித்தப்பா, நீங்கள் பார்க்க வேண்டியது அந்த வசூலுக்கான ஏலம். ஒரு தரம், ரெண்டு தரம் எல்லாம் கிடையாது. மேஜை மேல் பொருள், பக்கத்தில் ஒரு தாள், ஒரு பேனா. வேண்டியவர் போய்த் தொகையை எழுதிவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல நகர்ந்துவிட வேண்டும். பேர்கூட இல்லை, நம்பர்தான். நீங்கள் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒற்றை எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக் காட்டி ரெண்டு அண்ணன் தம்பிகளை மோதவிட்டு ஆயிரக்கணக்கில் ஏற்றுவீர்களே, அந்த வித்தைக்கு இங்கே வேலையே இல்லை.

ஆனால் ரோஷம் எங்கும் ஒன்றுதான். டாக்டரின் தூண்டில் ஒன்று ஏலத்துக்கு இருந்தது. அவர் இருந்தபோது அடிக்கடி அதை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரர் இருபது டாலர் எழுதினார். டாக்டரின் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தார். கீழே இருநூறு என்று எழுதி, பேனாவைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். ஏலம் முடிகிற மணி அடிக்கும்வரை மேஜையை விட்டு நகரவில்லை.

ஏலத்துக்கு என் வீட்டுக்காரி பங்கு, ஆறு பேருக்குப் பிரியாணி விருந்து. ரெண்டு குடும்பம் போட்டி போட்டதில் அது ஏலத்துக்கு வந்த பட்டுப்போர்வையை மிஞ்சிவிட்டது. இப்போது யார் யாருக்கு எந்தப் பருப்பு ஒத்துக்கொள்ளாது என்று தினமும் போன் வருகிறது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. பத்து நாள் ஹோண்டுராஸ் பயணத்தில் பாதிக் காசு விமானத்துக்கே போகிறது. பல் பிடுங்கத் தெரிந்தவர் போவது சரி, சுவருக்கு வெள்ளையடிக்க இங்கிருந்து பையன்கள் எதற்கு? அந்தக் காசை அனுப்பினால் அங்குள்ள கொத்தனாருக்குக் கூலியாகும். இதைச் சபையிலேயே சிலர் வாய்விட்டுச் சொல்கிறார்கள். நம் அசரியா ஐயர் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது நம் காசு, நம் ஆட்கள் என்றார்கள். 1909-ல் அவரே ஊழியத்துக்குத் தோர்ணக்கல் போனார், போனவர் அங்கேயே இருந்துவிட்டார். பத்து நாளில் திரும்பி வந்து படம் காட்டவில்லை.

இதைப் போதகரிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்.

நூறு டாலர் அனுப்பியிருக்கிறேன். வருகிற ஸ்தோத்திரப் பண்டிகையில் என் பேரில் ஒரு சேவல் எடுங்கள். மூன்றாம் தரம் சொல்லும்போது என் பேரை நன்றாகச் சத்தமாகச் சொல்லுங்கள். மைக்கில்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்