கைகாட்டியல்: நூறடிச் சாலையைக் கடத்தல் பற்றிய ஒரு முதற்கட்ட ஆய்வு

0. முன்னுரைக்கு முன்

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பினேன். 'பொருள் உண்டு, மேற்கோள் போதாது' என்ற குறிப்போடு கட்டுரை திரும்பி வந்தது. பதிவுக் கட்டணம் திரும்பி வரவில்லை. இம்முறை மேற்கோளில் குறை வைக்கவில்லை. பொருளுக்கு நான் பொறுப்பில்லை.

ஆய்வுக் களம்: சென்னை, வடபழனிக்கும் அசோக் நகருக்கும் நடுவே, எங்கள் தெரு நூறடிச் சாலையில் போய் முட்டும் முனை.
ஆய்வுக் காலம்: மாலை 6 மணி முதல் நான் கடந்து முடிக்கும்வரை.
கருதுகோள்: கடக்க முடியும்.
ஆய்வு முன்னோடிகள்: பலர். அவர்களில் சிலரையே பேட்டி காண முடிந்தது.

1. சான்றோர் பெயரிடும் முறை

என் சான்றோர் எவரும் நின்று பெயர் சொல்லவில்லை. சொல்லும் வேகத்திலும் அவர்கள் போகவில்லை. இந்த இக்கட்டுக்குத் தமிழ் மரபில் வழி இருக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் புலவர் பெயர் தெரியாத இடத்தில் பாட்டில் வரும் தொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார் நமக்குக் கிடைத்தது அப்படித்தான். அவ்வழியே என் சான்றோரும் இனி அவரவர் வாய்மொழியால் அறியப்படுவர்: வூட்லசொல்ட்டுவந்தியார் (ஆட்டோ), சாவுகிராக்கியார் (தண்ணி லாரி), ஓரமாப்போகவேண்டியதுதானேயார் (கார்), பெல்லடிச்சேனேயார் (சைக்கிள்), நாங்கஎங்கதான்நடக்கிறதார் (கால்நடை).

இவர்களில் ஓரமாப்போகவேண்டியதுதானேயாரும் நாங்கஎங்கதான்நடக்கிறதாரும் ஒருவரே என்று கொள்ள இடமுண்டு. காரை நிறுத்திவிட்டு இறங்கியபின் பாடியவை இரண்டாம் பெயரில் வழங்குகின்றன போலும். நடையில் வேறுபாடு காணப்படுவதால் இருவர் என்று மறுப்போரும் உளர். சட்டை ஒன்றே என்பதை நான் நேரில் பார்த்தேன். ஆனால் நேரில் பார்த்ததை ஆய்வுலகம் சான்றாக ஏற்பதில்லை என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

2. சொல்லாராய்ச்சி

'நூறடி' என்பதிலுள்ள 'அடி' நீட்டலளவை என்பது பொறியாளர் உரை. காலடி என்பர் நடப்போர். நூறு எடுத்து வைத்தால் அக்கரை. வாங்கும் அடி என்பது அனுபவ உரை, எண்ணிக்கை மிகை. செய்யுளடி என்று ஒரு பேராசிரியர் மட்டும் சொல்வார். அவர் இந்தச் சாலையைக் கடந்ததில்லை. அவரைப் பல்கலைக்கழக வாகனம் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறது.

3. எழுத்தியல்

சாலையில் இயங்குவனவற்றை மோட்டார் உள்ளவை, இல்லாதவை என்று பிரிப்பது மேலோட்டமான முறை. எழுத்திலக்கணமே பொருந்துகிறது.

நடப்பவர் உயிர். போகக்கூடியது என்பதால் அப்பெயர்.

கார் மெய். கண்ணாடி ஏற்றியபின் உள்ளே உயிர் இருப்பதற்கு வெளியே அறிகுறி இல்லை.

இருசக்கர வாகனம் உயிர்மெய்.

பேருந்து நெடில். நிறுத்தத்தில் அளபெடுத்தும் நிற்கும், நிறுத்தம் தாண்டியும் நிற்கும்.

உணவு கொண்டுசெல்லும் இளைஞர் குறுக்கம். அரை மணிக்குரிய மாத்திரை அவரிடம் கால் மணியாகக் குறுகிவிடுகிறது. குறுக்கியவர் அவர் அல்லர். விதி வேறெங்கோ இருக்கும் ஒருவர் கைபேசிக்குள் எழுதி வைத்தது.

ஆட்டோ குற்றியலுகரம். வருமொழி முதலில் உயிர் வந்து நின்றால் நிலைமொழி ஈற்றுக் குற்றியலுகரம் நழுவிவிடும் என்பது நன்னூலார் கண்ட விதி. எங்கள் முனையிலும் உயிர் எதிர்ப்பட்டதும் ஆட்டோ நழுவிவிடுகிறது. ஆட்டோ திரும்பும்போது ஓட்டுநர் நீட்டும் கால் 'காலியல்' என்னும் தனித்துறைக்கு உரியது. அதற்கு நிதி கேட்டிருக்கிறேன்.

நடைமேடையில் ஏறிவரும் பைக் போலி. ஓரெழுத்து நிற்க வேண்டிய இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நின்று, பொருள் மாறவில்லை என்று சாதிப்பது போலியின் இலக்கணம். ஹாரனும் அடிக்கும்.

சைக்கிள்தான் இந்த வகைப்பாட்டின் சிக்கல். அது ஆய்தம். உயிரினத்தில் சேர்த்தால் நடப்பவர் ஒப்புவதில்லை: "சைக்கிள்னா வண்டிதானே, ரோட்ல போ." மெய்யினத்தில் சேர்த்தால் ஓட்டுபவர் ஒப்புவதில்லை: "சைக்கிள வச்சுக்கிட்டு ரோட்டுல இன்னா வேல?" ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார். அதாவது, அப்போது அது வண்டி என்று அரசே ஒப்புக்கொண்டிருந்தது. இப்போது காற்றைப் பிடுங்குவாரும் இல்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளுக்கு 'விலையில்லா மிதிவண்டி' என்று பெயர். விலைதான் இல்லை, இடமுமா இல்லை என்கிறார் பெல்லடிச்சேனேயார். அவர் கேரியரில் இருபுறமும் இளநீர்க் குலை தொங்க, இடது காலை நடைமேடை விளிம்பில் ஊன்றியபடி ஒன்பது நிமிடம் என்னோடு நின்றவர். அந்த ஒன்பது நிமிடத்தில் இரண்டு காய் விற்றார். களப்பணி இழப்பில்லாமல் நடப்பதை முதன்முதலாகக் கண்டேன்.

4. ஏடும் சிதைவும்

நடைமேடை 1.8 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதன் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று இந்தியச் சாலைப் பேரவையின் 103-ஆம் எண் நெறிநூல் கூறுகிறது. களத்தில் கிடைத்த படியில் இந்த 1.8 மீட்டருக்குள் ஒரு மின்வாரியப் பெட்டி, ஒரு பிள்ளையார், டீக்கடை டிரம், நான்கு பைக், ஒரு புங்கமரம் ஆகிய இடைச்செருகல்கள் உள்ளன. பிள்ளையார் மூல பாடம் என்றும் நடைமேடையே இடைச்செருகல் என்றும் டீ மாஸ்டர் வாதிடுகிறார். கால ஆராய்ச்சி அவர் பக்கம்.

ஜீப்ரா கோட்டின் நிலை இன்னும் மோசம். புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்காததுபோல எங்கள் கோட்டில் நான்காவது, ஐந்தாவது பட்டைகள் கிடைக்கவில்லை. கேபிளுக்குத் தோண்டி மூடியபோது மறைந்திருக்கலாம். அந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளம். அதன் காலம் பற்றி அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. தொல்காப்பியர் காலம் பற்றியும் இல்லை. இரண்டிலும் ஆளுக்கொரு தேதி சொல்லி ஆளுக்கொரு நூல் போடலாம். பள்ளம் அப்படியே இருக்கும்.

சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் என்றே ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காடாவது அவர்களுக்குப் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2019-இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைவெளி திறந்தார்கள். அங்கே நானும் போய் மாலை முழுக்க நடந்தேன். எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை என்றால் அது மிக நல்ல பாதை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. அந்தச் செய்தித்தாளை டீக்கடையில் படித்துவிட்டு, டிரம்மைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கி வீட்டுக்குப் போனேன்.

5. கைகாட்டியல்

மேற்கண்டவை முன்னுரை. ஆய்வு இனித்தான் தொடங்குகிறது.

கோடு இல்லை, சிக்னல் அடுத்த முனையில், போலீஸ்காரர் அதற்கும் அடுத்த முனையில். இந்நிலையில் உயிர், மெய்களை நோக்கித் தூக்குவது கை. நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் ஒற்றைக்கை முத்திரைகள் 28 என்று எண்ணி, பதாகத்தை முதலில் வைக்கிறது. விரல்கள் சேர்ந்து நிமிர்ந்திருக்க, பெருவிரல் மட்டும் மடங்கும். எங்கள் முனையிலும் பெருவிரல் மடங்கியே இருக்கிறது. மஞ்சப்பையின் காது அதில் மாட்டியிருக்கிறது. கருவறையில் சாமி காட்டும் அபயக் கையும் இதே கைதான். அங்கே அது 'அஞ்சாதே' என்று சொல்கிறது, இங்கே 'ஏத்திடாதே' என்கிறது. ஒரே கை காப்பதற்கும் கெஞ்சுவதற்கும் எப்படி வந்தது என்பது சமயத்துறையினர் ஆராய வேண்டியது.

பதினொரு மாலைகள் நின்று பார்த்ததில் கை நான்கு வகைப்படும்.

(அ) வேண்டுகை: இடுப்பளவில் நடுங்குவது. ஊருக்குப் புதியவர் காட்டுவது. பலனில்லை.

(ஆ) தடுகை: தோளுக்கு நேரே விறைத்தது. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் காட்டுவது. வண்டி நிற்பதில்லை. கை காட்டியவர் எண்ணைக் குறித்துக்கொள்வார்.

(இ) ஓடுகை: கை காட்டிக்கொண்டே ஓடுவது. கல்லூரி மாணவர்க்கு உரியது. இதில் கை அசைச்சொல். பொருள் காலில் இருக்கிறது.

(ஈ) பாராக்கை: கையை வண்டிகளின் பக்கம் நீட்டி, முகத்தைப் போக வேண்டிய பக்கம் திருப்பிக்கொண்டு, அவசரமில்லாமல் நடப்பது. பெரும்பாலும் ஐம்பது தாண்டிய பெண்களிடம் காணப்படுகிறது. தோற்றதாகச் சான்று இல்லை.

பாராக்கை ஏன் வெல்கிறது? இதில்தான் இந்த ஆய்வேட்டின் உயிர்நாடி இருக்கிறது. வண்டியோட்டியின் கண்ணை நீங்கள் பார்த்துவிட்டால், நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். விலக வேண்டியது அந்தக் கணமே உங்கள் பொறுப்பு. நீங்கள் பார்க்கவே இல்லை என்றால் பிரேக் அவர் காலடியில்தான். ஆகவே இந்தச் சாலையில் கண்டவர் தோற்றார், காணாதவர் கடந்தார். இதற்குச் 'செங்குத்துக் காணாமைக் கோட்பாடு' என்று பெயரிடுகிறேன். செங்குத்துக்கு இங்கே வேலை இல்லை. ஆனாலும் அது இல்லாவிட்டால் ஆய்விதழில் போடமாட்டார்கள்.

மறுதரப்பும் இக்கோட்பாட்டை அறிந்தே நடக்கிறது. ஓரமாப்போகவேண்டியதுதானேயார் நடப்பவரைக் கண்டதும் ரியர்வியூ கண்ணாடியைத் திருத்தத் தொடங்குகிறார். சைக்கிளை ஒட்டி உரசும் வேன்காரர் வலப்பக்கமே பார்க்கிறார். கதவைத் திறக்கும் காரரோ கைபேசியைப் பார்க்கிறார்; பெல்லடிச்சேனேயாரின் முழங்கை அந்தக் கதவைப் பார்த்துவிடுகிறது. ஹாரன் என்பது ஒலி வடிவில் அனுப்பும் ஒப்புகைச் சீட்டு: 'நான் சொல்லியாகிவிட்டது, இனி உன்பாடு.' தேவையில்லாமல் அடித்தால் முதல்முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-எஃப் பிரிவு சொல்கிறது. 'தேவை' என்ற சொல்லுக்கு உரைகாரர் இல்லாததால் அது சூத்திர அளவிலேயே நிற்கிறது.

எழுப்பிய கையின் பொருள் 'நில்' என்பதா, 'நான் வருகிறேன்' என்பதா? இது பெரும் பூசல். நில் என்பது நாங்கஎங்கதான்நடக்கிறதார் கட்சி. "கையக் காட்டிட்டா நாங்க நின்னுடணுமா? நீ இன்னா கவர்னரா?" என்று மறுப்பவர் வூட்லசொல்ட்டுவந்தியார் (முதற்பதிப்பு, மாலை 6.20, இடது பக்கம்). அவரே சிக்னல் விழுந்து நின்றபின் சற்றுத் தணிந்து, "கை காட்டுனா ஒரே நேரா வரணும் சார், பாதில நின்னா நாங்க இன்னா பண்றது?" என்று திருத்துகிறார் (இரண்டாம் பதிப்பு, பாக்கு துப்பியபின், வலது பக்கம்). இத்திருத்தத்தைச் சாவுகிராக்கியார் ஏற்கவில்லை (தண்ணி லாரி வெளியீடு, நனைந்த படி, பக்க எண் இல்லை, பக்கக் கண்ணாடியும் இல்லை). சாவுகிராக்கியார் பெயரிலுள்ள 'கிராக்கி' வாடிக்கையாளரைக் குறிக்கும் சென்னைச் சொல். எனவே அது வசை அன்று, வணிக வகைப்பாடு என்கிறார் பின்னிருக்கையிலிருந்த கிளீனர் (மேற்படி லாரி, சிறப்புப்பாயிரம், மறுநாள் நடை இரண்டில் மறுபதிப்பு, அதே பள்ளத்தில் பின்னிணைப்போடு). மேற்கோளுக்குள் மேற்கோளாக இவர்களை நான் அடுத்த கட்டுரையில் காட்டுவேன். அதற்கடுத்த கட்டுரையில் என்னை நானே காட்டுவேன். மூன்றாவதில் இது நிறுவப்பட்ட உண்மையாகிவிடும். இந்த முறையை நான் கண்டுபிடித்ததாக உரிமை கோரவில்லை.

6. முடிபு

பன்னிரண்டாம் மாலை கோட்பாட்டைச் செயல்முறையில் சோதிக்கத் துணிந்தேன். கையை நீட்டினேன். முகத்தைத் திருப்ப முடியவில்லை. படித்தவன் எப்படித் திருப்புவது? ஒவ்வொரு வண்டியும் எந்த எழுத்து என்று வகைப்படுத்திக்கொண்டே நின்றேன். பதினொரு நிமிடம். இளநீர்க்காரர் இரக்கத்தோடு ஒரு காய் வெட்டிக் கொடுத்துக் காசும் வாங்கிக்கொண்டார்.

பக்கத்தில் ஒரு கீரைக்காரம்மா வந்து நின்றார். தலையில் காலிக் கூடை, இடுப்பில் சொருகிய சுருக்குப் பை. நின்றார் என்பதுகூடப் பிழை. வந்த வேகத்திலேயே வலக்கையை நீட்டினார். சும்மாட்டுக்குக் கீழே கண் எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையில் இருந்தது. ஒரு கார் குனிந்தது. இரண்டு பைக் பிரிந்தன. ஆட்டோ முனகிக்கொண்டு நின்றது. அவர் முந்தானையை உரசியபடி நானும் நடந்து மெட்ரோ தூணருகே நடுத்திட்டில் ஏறினேன். அடுத்த பாதிக்கு அவர் மறுபடி கையை எடுக்குமுன் அவசரமாகக் கேட்டேன்.

"ஏம்மா, வண்டி வருதான்னு பாக்காமலே போறீங்களே, எந்த தைரியத்துல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்தவரைப் பார்ப்பது அவருக்கே அதுதான் முதல்முறை என்று தோன்றியது.

"இன்னா சார் கேக்குற? வூட்டுக்குப் போவணும்ல."

அவரை இனி வூட்டுக்குப்போவணுமார் என்று வழங்குக. இவர் பாடியதாக இவ்வொரு தொடரே கிடைக்கிறது. இதற்கு வூட்லசொல்ட்டுவந்தியார் உள்பட எவரும் உரை செய்ததாகத் தெரியவில்லை.