நல்ல மனுஷன்தான், ஆனா…

ஒரு புதுக் கட்சி வளர்கிறதா என்பதைக் கூட்டத்தை வைத்துக் கணிக்கக் கூடாது. நம் ஊரில் ஜே.சி.பி. பள்ளம் தோண்டினாலே கூட்டம் கூடிவிடும். பழைய கட்சிக்காரர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

2005 செப்டம்பரில் ‘கேப்டன்’ விஜயகாந்த் மதுரையில் தே.மு.தி.க.வைத் தொடங்கியபோது எங்கள் பெரியப்பா சத்தமாகத்தான் சிரித்தார். அவர் அண்ணா காலத்து உதயசூரியன். அத்தையும் சிரித்தாள். அவள் இரட்டை இலை. எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்ட 1972க்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தச் சிரிப்புதான்.

“யாரோட கூட்டணியாம்?” என்றார் பெரியப்பா.

“மக்களோடயும் தெய்வத்தோடயுமாம்.”

“தெய்வத்துக்கு எத்தனை சீட்டு?”

அந்தக் கூட்டணியில் தொகுதிப் பங்கீட்டுத் தகராறே வராது என்பது அவருக்கு உறைக்கச் சில மாதங்கள் ஆயின. 2006 ஏப்ரலில் தெருமுனைக்குத் தெருமுனை பிரச்சார வேன் நின்றது. தி.மு.க. கலர் டி.வி.யும் கிலோ இரண்டு ரூபாய் அரிசியும் தருவதாகச் சொல்லியிருந்தது. கேப்டனோ ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பேன் என்றார். மண்ணெண்ணெய் வரிசையில் பாதி ஆயுளைக் கழித்த அத்தை அன்று சிரிக்கவில்லை. “வீட்டுக்கேவா?” என்று மட்டும் கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

புதுக் கட்சிக்கு ஒரு பெரிய வசதி, அது இன்னும் ஒன்றுமே செய்ததில்லை. குண்டும் குழியுமான ரோட்டைக் காட்டி “இதை யார் போட்டது?” என்றால் பெரியப்பாவும் அத்தையும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். கேப்டனைக் கைகாட்ட வழியே இல்லை.

ஆனாலும் டீக்கடையிலும் இஸ்திரி வண்டியிலும் ஒரே தீர்ப்புதான்: “நல்ல மனுஷன்தான், ஆனா ஜெயிக்க மாட்டார்.” இப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் போட்டிருந்தாலே அவர் ஜெயித்திருப்பார். ஆனால் நம்மவர்களுக்கு ஓட்டு என்பது மொய்ப்பணம் மாதிரி. திரும்பி வராத வீட்டில் வைக்க மனசு வராது.

மே மாதம் எண்ணிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லாத் தொகுதியிலும் நின்ற கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். பா.ம.க.வின் கோட்டை என்று சொல்லப்பட்ட விருத்தாசலத்தில் கேப்டனே ஜெயித்தார். மாநிலம் முழுக்க 8.38 சதவீத ஓட்டு. தி.மு.க. 96 இடங்களோடு நின்றுபோய், காங்கிரஸ் ஆதரவில் ஆட்சி அமைத்தது. பெரியப்பா பேப்பரையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, தோற்ற தொகுதிகளில் கேப்டன் தின்ற ஓட்டுகளைக் கூட்டினார். வாசல் திண்ணையில் அத்தையும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஓட்டை இருவரும் தங்கள் வீட்டிலிருந்து களவு போனதாகப் புகார் சொன்னார்கள். எங்கள் தெருவில் கேப்டனுக்குப் போட்டதாக ஒப்புக்கொள்ள மட்டும் ஒருவரும் இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், இவ்வளவு ஓட்டு வாங்கியும் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் கிடைக்கவில்லை. 6 சதவீத ஓட்டோடு இரண்டு எம்.எல்.ஏ.க்களாவது வேண்டுமாம், கேப்டன் ஒருத்தர்தானே இருக்கிறார்! எம்.எல்.ஏ.வே இல்லாவிட்டாலும் 8 சதவீதம் போதும் என்ற விதி 2011இல்தான் வந்தது. அதற்குள் அவருக்கே அது தேவைப்படவில்லை. அந்த வருஷம் அத்தையின் கட்சியோடு சேர்ந்து 29 இடங்களைப் பிடித்து எதிர்க்கட்சித் தலைவராகிவிட்டார். தி.மு.க.வுக்கு 23.

“நான் அப்பவே சொன்னேன், நல்ல மனுஷன்னு” என்றாள் அத்தை. அடுத்த சில மாதங்களிலேயே கூட்டணி முறிந்து அவள் அதை வாபஸ் வாங்கியது வேறு கதை.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. 2006இல் அவர் யாருக்குப் போட்டார் என்பதில் பெரியம்மாவுக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு.