மூளித் தட்டியல்: ஒரு முன்னாய்வு

பெட்டிக்குள் பலகை பலகையாக வந்து, வீட்டில் திருகாணி போட்டு நிறுத்தப்படும் புத்தக அலமாரியைப் பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. இதை எழுதுவதற்குத் தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எந்த ஆய்வேடும் முதல் பக்கத்தில் இப்படித்தான் தொடங்குகிறது.

தோற்றம் குறித்து இரு கட்சிகள் உண்டு. ஸ்வீடன் கட்சியார், 1950-களில் ஐக்கியாவின் கில்லிஸ் லண்ட்கிரென் ஒரு மேசை காருக்குள் நுழையாமல் போகவே அதன் கால்களைக் கழற்றியதுதான் தொடக்கம் என்பர். வியன்னா கட்சியார் அதை மறுத்து, மிக்கேல் தோனெட்டின் 1859-ஆம் ஆண்டு நாற்காலியைக் காட்டுவர்: எண் 14, ஆறு துண்டு மரம், பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டிக்குள் 36 நாற்காலி. எல்லாம் நம் கோயில் தேரைப் பார்த்துச் செய்ததுதான் என்னும் மூன்றாம் கட்சி விரைவில் தோன்றும். எத்தனை ஆயிரம் ஆண்டுக்கு முன் என்பதில் மட்டும் அவர்களுக்குள் இழுபறி இருக்கும்.

கருப்பொருள், பார்ட்டிகிள் போர்டு. மரச்சீவலையும் தூளையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் குழைத்து, சூட்டில் அழுத்தியது. மேலே தேக்கு வரி அச்சடித்த காகிதம். சில அலமாரிகளில் அந்தச் சீவலும் கிடையாது. ஓரத்தில் சட்டம், நடுவே காகிதத் தேனடை (பெட்டியின் பக்கவாட்டு அச்சு, நனைந்து பாதி அழிந்த பிரதி).

கீறலை இவ்வாய்வு எடுத்துக்கொள்ளவில்லை. கீறல் இல்லாத அலமாரி கடையில்தான் இருக்கும்.

இனி முதன்மைச் சிக்கல்: மூளியின் காலம். எங்கள் வீட்டு அலமாரியில் கீழ்த்தட்டின் வலது மூலை எப்போது போயிற்று? தந்தைவழிப் பள்ளியினர், பெட்டி வரும்போதே போயிருந்தது என்பர் (தந்தை, வாய்மொழி, சாய்வு நாற்காலி). இது கூரியர்க் காலக் கொள்கை எனப்படும். எதையும் கூடுமானவரை முன்னுக்குத் தள்ளிவைப்பது நம் ஆய்வுலகின் பொதுக்குணம் என்பதால் இதற்கு ஆதரவு அதிகம். தாய்வழிப் பள்ளியினர் இதை முற்றாக மறுப்பர். ஆலன் கீ போட்டுத் திருகவேண்டிய இடத்தில் சுத்தியலுக்கு என்ன வேலை என்ற அவர்களது வினாவுக்கு எதிர்த்தரப்பு இன்றுவரை விடை சொல்லவில்லை (தாய், அடுக்களையிலிருந்து, மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடையில், ஒப்பிடுக: மேற்படி தாய், அதே கருத்து, விருந்தினர் முன்னிலையில் விரிவாக்கிய பதிப்பு). வீடு மாறியபோது லாரிக்காரர் இடித்தார் என்ற கொள்கையை இரு பள்ளியும் ஏற்கும். லாரிக்காரர் இங்கே இல்லை.

அகச்சான்றுக்கு வருவோம். புது மூளி வெளிறிய மணல் நிறத்தில் இருக்கும். விரல் பட்டால் தூள் உதிரும். பழைய மூளி ஓரம் மழுங்கி, தூசியும் பிசுக்கும் ஏறிக் கறுத்திருக்கும். நம் மூளியோ பாதி கறுப்பு, பாதி வெளிறல். ஆகவே இடைச்செருகல் உறுதியாகிறது. அப்பாவின் மூலப் பிரதியில் பிற்காலத்தார் ஒருவர் சைக்கிள் ஹேண்டில்பார் கொண்டு ஒரு விரல் அகலம் கூட்டி எழுதியிருக்கிறார். பிற்காலத்தார் ஆறாம் வகுப்பில் படிக்கிறார். கருத்துக் கூற மறுத்துவிட்டார்.

செய்முறையில் அறிஞர்களுக்கு ஆர்வமில்லை என்பதால் அதை ஆசாரியிடமிருந்தே பெற வேண்டியிருந்தது (ஆசாரி, உதட்டுப் பிதுக்கல், திருத்திய பதிப்பு: மேற்படி ஆசாரி, டீ குடித்த பின், கூலி பேசுமுன், முழு விளக்கத்துக்கு: அவர் மைத்துனரின் வாட்ஸ்அப் குரல்பதிவு, பின்னணியில் மிக்ஸி ஓடுவதால் சில சொற்கள் ஐயத்துக்குரியன). மூளி என்றால் முதலில் உதிரும் தூளைப் பழைய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். நொறுங்கும் இடத்தில் ஃபெவிக்விக் சொட்டுச் சொட்டாக விட்டால் சீவல் குடித்து இறுகிக்கொள்ளும். பிறகு எம்-சீலின் இரு துண்டையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, மூலையில் கொஞ்சம் துருத்தலாகவே அப்பி, மறுநாள் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் மூலை உருண்டுவிடும். நிறத்துக்குப் பிற்காலத்தாரின் கிரேயான் பெட்டி போதும். இரண்டு பழுப்பு, நடுநடுவே கறுப்பு, மரவரி போகும் திசையில்.

விரிசல் என்றால் பிளேடால் இடுக்கை லேசாக நெம்பி ஃபெவிகாலை உள்ளே செலுத்தி, மேலும் கீழும் பாலித்தீன் தாள் வைத்து, இரு பலகைக்கு நடுவில் வைத்துச் சி-கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விட வேண்டும். தாளை மறந்தால் மூன்று பலகையும் ஒரே பலகையாகும். பலகை ஓரத்தில் ஒட்டிய எட்ஜ் பேண்ட் உரிந்திருந்தால், பின்னாலுள்ள பசை சூட்டில் இளகும் வகை என்றால், மேலே காகிதம் போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஓர் இழுப்பு. திருகாணித் துளை தளர்ந்திருந்தால் மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துத் திணிக்கலாம். கனம் தாங்கும் இடமென்றால் துளையைப் பெரிதாக்கி, மரமுளையை ஒட்டி, அதிலே புதுத் துளை போடுவதே சரி.

உப்பல்: மருந்து இல்லை. தண்ணீர் குடித்து ஊதிய சீவல் காய்ந்தாலும் பழைய உருவத்துக்குத் திரும்பாது.

மேற்கண்ட எதையும் செய்யாதவர் மறைப்பியல் பள்ளியைச் சேர்வர். பெரும்பான்மை இவர்களே. மூளியைச் சுவர்ப் பக்கம் திருப்புவது தொல்நெறி. பின்பலகை முன்னால் வந்துவிடும் என்ற தடையை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. முன்னால் எதையாவது நிறுத்துவது புதுநெறி. பூச்சாடி உருண்டுவிடும். சாமி படத்தைக் கீழ்த்தட்டில் வைக்கக் கூடாது (பாட்டி, ஒரே பார்வை). பல பொருள்களை வைத்துப் பார்த்ததில் முதலிடம் பெற்றது, கெட்டி அட்டை போட்ட முனைவர் பட்ட ஆய்வேடு. அகலம் சரியாக இருக்கிறது; யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்பதால் இடமும் மாறாது. கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதி அதைவிடக் கனம் என்றாலும், தன் கட்டுரை எந்தப் பக்கம் என்று பார்க்க எழுதியவர்கள் அவ்வப்போது உருவிவிடுகிறார்கள். அப்போது மூளி தெரிந்துவிடுகிறது.

கட்டுரையை இவ்வளவு தூரம் படித்தவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். அலமாரிக்கு அடியில் நாலு மூலைக்கும் ரப்பர் புஷ் வாங்கி வையுங்கள். வீடு துடைக்கும் ஈரத்துணியை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.