லாப்ஸ் ஆன வண்டி

மதுரை காளவாசல் பக்கம் ஒரு சந்துப் பட்டறை. ஆயுத பூஜை முடிந்த மறு வாரம். என் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுவதற்காகப் பெயின்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஹெட்லைட்டில் சந்தனப் பொட்டு, ஹேண்டில் பாரில் வாடிப்போன செவ்வந்தி மாலை, கீழே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்க, ஒரு நூறு சிசி வண்டி பழைய தையல் மெஷின் மாதிரி கடகடத்துக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவர் ஆயுள் காப்பீட்டு முகவர். தோள் பையில் கொட்டை எழுத்தில் 'வருமுன் காப்போம்' என்று அச்சடித்திருந்தது. அதற்கப்புறம் நடந்த பேச்சில் நான் எதையும் கூட்டவில்லை. மெக்கானிக்கின் வசவு வார்த்தை இரண்டை மட்டும் எடுத்துவிட்டேன்.

முகவர்: தம்பி, மைலேஜ் அடி வாங்குது. 60 குடுத்த வண்டி, இப்ப 38. பங்க்குல ஏதோ கலக்குறாய்ங்க. மூணு பங்க் மாத்திப் பாத்துட்டேன், மூணுமே களவாணிப் பங்க்கு.

மெக்கானிக்: இப்ப 20 சதம் எத்தனால் கலந்துதான் சார் வருது. அதுல கொஞ்சம் குறையும், இல்லைங்கல. ஆனா அது ரெண்டு மூணு கிலோமீட்டர் கதை. மிச்சத்தைத் தின்ன ஆளு வேற. கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணீங்க?

முகவர்: போன வாரந்தான்!

மெக்கானிக்: யாருகிட்ட?

முகவர்: வாட்டர் வாஷ் கடையில. நுரை போட்டுப் பளபளன்னு ஆக்கிட்டான். அப்புறம் பொட்டு, மாலை, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எறக்கினது. ஒரு குறை வைக்கல.

மெக்கானிக்: அதுக்கு முன்னாடி?

முகவர்: அதுக்கு முந்தின ஆயுத பூஜை.

(மெக்கானிக் ஒன்றும் பேசாமல் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஏர் ஃபில்டரை உருவினார். தரையில் ஒரு தட்டு தட்டினார். பட்டறையில் மூன்று பேர் தும்மினோம்.)

மெக்கானிக்: இதான் சார் உங்க மூணு பங்க்குக்காரனும். காத்து உள்ள போக வழி இல்ல. காத்து குறைஞ்சா கார்புரேட்டர் பெட்ரோலைத்தான் கூட இழுக்கும். 2020-க்குப் பொறகு வந்த வண்டின்னா உள்ள இருக்கிற கம்ப்யூட்டரு பாத்து ஓரளவு சமாளிக்கும். இது 2015 மாடல், இதுக்கு அந்தப் புத்தி கிடையாது. பிளக்கைக் கழட்டுனா கரிச்சட்டி மாதிரி இருக்கும், பாருங்க.

முகவர்: கழுவி மாட்டிரு.

மெக்கானிக்: இது காகித ஃபில்டர். கழுவுனா கூழாத்தான் போகும். மாத்தணும்.

முகவர்: மாத்தணும், மாத்தணும். உங்க ஆளுங்களுக்கு இந்த ஒரு வார்த்தைதான். டாக்டருக்கு ஸ்கேன், உங்களுக்கு மாத்தணும்.

மெக்கானிக்: டயர்ல காத்து எம்புட்டு வைக்கிறீங்க?

முகவர்: பங்க்குல பையன் பிடிப்பான். அவனே பாத்துப்பான்.

மெக்கானிக்: அவன் எப்படிப் பாப்பான்? எம்புட்டுன்னு இங்க பின்னாடி ஸ்டிக்கர்லயே எழுதியிருக்கும்... ஆமா, எங்க அதைக் காணோம்?

முகவர்: அதுக்கு மேலதான் நம்ம செல் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். பின்னாடி வர்றவன் படிக்கணும்ல?

மெக்கானிக்: சரியாப் போச்சு. இந்த மாதிரி வண்டிக்குத் தனியாப் போனா முன்னாடி 25, பின்னாடி 28 இருந்தா போதும். அம்மாவையும் ஏத்திட்டுப் போனா பின்னாடி இன்னும் கூடப் பிடிக்கணும். டயர் சூடாகுறதுக்கு முன்ன, காலையில பிடிக்கணும். இப்ப இதுல 15 இருந்தா அதிசயம். மைலேஜ் அங்கயும் போகுது.

(கையால் பின் சக்கரத்தைச் சுற்றினார். பிரேக் பெடலை மிதிக்கச் சொன்னார். முகவர் மிதித்தார். பெடல் போய்க்கொண்டே இருந்தது.)

மெக்கானிக்: டிரம்முல இந்த அம்புக்குறியைப் பாருங்க. மிதிக்கையில இது இந்தக் கோட்டைத் தொட்டுட்டா ஷூ தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். உங்களுது கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வந்துருச்சு.

முகவர்: லூசாகுறப்பல்லாம் நானே நட்டைத் திருகிக்கிறேனே. அதுக்கெல்லாம் உன்கிட்ட வர்றதில்ல.

மெக்கானிக்: நட்டைத் திருகலாம் சார். தேஞ்ச ஷூ திருகுனா வளருமா?

(இதற்கு முகவரிடம் பதில் இல்லை. பையைத் திறந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து எனக்குக் கொடுத்தார். ஓய்வூதியத் திட்டம். நான் பஞ்சருக்கு வந்தவன் என்று சொல்லியும் கேட்கவில்லை.)

மெக்கானிக்: இன்ஜின் ஆயிலைப் பாப்போம். கேஜைக் கழட்டித் துடைச்சு, மரை ஏத்தாம சும்மா உள்ள வச்சு எடுக்கணும். சென்டர் ஸ்டேண்டுல நிறுத்தித்தான் பாக்கணும். ... ம். நுனியிலகூட ஒட்டல.

(கீழே தட்டை வைத்து டிரெய்ன் போல்ட்டைத் திறந்தார். தார் மாதிரி ஒன்று சோம்பலாக வழிந்து, சீக்கிரமே நின்றது.)

முகவர்: அம்புட்டுத்தானா?

மெக்கானிக்: 900 மில்லி வரணும். 300 இருக்கும்.

முகவர்: மீதி எங்க?

மெக்கானிக்: குடிச்சிருச்சு.

முகவர்: அதெப்படித் தம்பி? எங்க வீட்டு வாசல் டைல்ஸ்ல ஒரு சொட்டு விழுந்ததில்லையே!

மெக்கானிக்: கீழ விழல சார். உள்ளயே எரிஞ்சு நீலப் புகையா உங்களுக்குப் பின்னாடி போயிருக்கு. உங்க நம்பரைப் படிக்க வந்த கஸ்டமர் எல்லாம் சுவாசிச்சிருப்பாக.

முகவர்: சரி, ஊத்து. ஆனா கடையில வாங்க வேணாம். மச்சான் காருக்கு வாங்குன ஆயில் அரை டின் வீட்டுல சும்மா கிடக்கு. நல்ல கம்பெனி.

மெக்கானிக்: கார்ல கிளட்ச் ஆயில்ல நனையாது. இங்க இன்ஜின், கியர், கிளட்ச் பிளேட் மூணும் ஒரே ஆயில்லதான் குளிக்குது. காருக்கு வர்ற ஆயில் பலதுல வழுக்கலுக்குன்னு மருந்து சேத்திருப்பான். அதை ஊத்துனா பிளேட் பிடிக்காது. வண்டி கத்தும், நகராது. பாட்டில்ல 'ஜாசோ எம்ஏ'ன்னு போட்டிருக்கணும், அதைப் பாத்து வாங்குங்க. ஒரு பாட்டில் 400 சொச்சம்.

முகவர்: 400-ஆ!

மெக்கானிக்: வாட்டர் வாஷ், மாலை, பூசணிக்காய் எல்லாம் சேத்து எம்புட்டு சார் ஆச்சு?

முகவர்: அது சாமி காரியம்.

மெக்கானிக்: நான் ஒண்ணு கேக்குறேன். உங்க பார்ட்டி ஒருத்தர் ரெண்டு வருஷமா பிரீமியம் கட்டல. ஆனா பாலிசிப் பத்திரத்துக்கு வருஷா வருஷம் பொட்டு வச்சு மாலை போடுறாரு. பணம் வருமா?

(முகவர் முகத்தில் பல்பு எரிந்தது. அவருடைய ஆடுகளத்துக்கு வந்துவிட்டார்.)

முகவர்: வராது தம்பி. 30 நாள் கிரேஸ் பீரியட் உண்டு. மாசா மாசம் கட்டுறவங்களுக்கு 15 நாள். அதையும் விட்டா பாலிசி லாப்ஸ். லாப்ஸ் ஆனாலும் பொதுவா 5 வருஷத்துக்குள்ள வட்டியோட கட்டிப் புதுப்பிச்சுக்கலாம். இதைத்தான் நான் வீடு வீடாப் போய்க் கரடியாக் கத்துறேன், ஒருத்தன் கேக்குறானா? கேட்டா, 'இப்ப நல்லாத்தானே சார் இருக்கேன்'ங்கிறான். நல்லா இருக்கும்போதுதான்டா கட்டணும்!

மெக்கானிக்: இன்ஜினுக்குக் கிரேஸ் கிடையாது சார். வட்டி மட்டுந்தான் உண்டு. போர் வேலை, ரிங், பிஸ்டன்னு வரும். இந்த வெயிலுக்கும் சிக்னல் சிக்னலா நின்னு போற ஓட்டத்துக்கும் 3,000 கிலோமீட்டரைத் தாண்டவே விடாதீங்க. நடுவுல ஒரு தடவை கேஜைப் பாருங்க. ஆமா, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல?

முகவர்: (தொண்டையைச் செருமி) நான் ஆயுள் காப்பீடு தம்பி. வண்டிக்கு உள்ளது ஜெனரல் இன்சூரன்ஸ். அது வேற டிபார்ட்மென்ட்.

(தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் இறங்கக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. எந்த டிபார்ட்மென்ட்டில் வேலை என்று அது கேட்பதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என் வண்டிக்கே இன்னும் பஞ்சர் ஒட்டியபாடில்லை.)

மெக்கானிக்: செயின் கவர்ல இந்த ரப்பர் மூடி எதுக்குன்னு தெரியுமா?

முகவர்: டிசைன்னு நெனச்சேன்.

மெக்கானிக்: விரலை விட்டுச் செயினை மேல கீழ ஆட்டிப் பாக்க. ஒரு இஞ்ச் ஆடலாம். உங்களுது ஊஞ்சல். கடகடன்னு கவர்ல அடிக்கிறது அதான். வாட்டர் வாஷ்ல ஜெட்டு அடிச்சு இருந்த பிசுக்கும் போயிருச்சு, ஒரே வாரத்துல துருப் பிடிச்சிருச்சு. அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கவே இல்லையா?

முகவர்: கேட்டுச்சு. மாலைக் கம்பி உரசுதுன்னு நெனச்சேன். சரி, டைட்டு வை. நல்லா இறுக்கமா வை, அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கணும்.

மெக்கானிக்: முறுக்கி வச்சா ரெண்டு பேரு உக்காரும்போது இழுத்துப் பிடிச்சு பேரிங்கைத் தின்னுரும். ஒரு இஞ்ச்சுன்னா ஒரு இஞ்ச்சுதான்.

முகவர்: அப்ப இந்தப் பழைய ஆயிலை அதுக்கு மேல ஊத்திவிடு. காசு மிச்சம்.

மெக்கானிக்: அதுல இரும்புத் தூளும் கரியும் கெடக்கு. செயினுக்கு அரமும் ஒண்ணு, அதுவும் ஒண்ணு. 90 நம்பர் கியர் ஆயில் தொட்டு வைக்கிறேன். மழையில நனைஞ்சா மறுநாளே தொட்டு வைக்கணும்.

(கணக்கு எழுதிக் காட்டப்பட்டது. ஆயில், ஏர் ஃபில்டர், பின் பிரேக் ஷூ, பிளக். முகவர் பேனாவை எடுத்தார். ஷூவை அடித்தார். பிளக்கை அடித்தார். கொஞ்ச நேரம் யோசித்து ஃபில்டரையும் அடித்தார்.)

முகவர்: ஆயிலை மட்டும் மாத்து. செயினுக்குத் தொட்டு வை. மத்ததெல்லாம் அடுத்த மாசம். ஒரு 30 நாள் குடு.

மெக்கானிக்: பிரேக் ஷூவுக்குமா சார் கிரேஸ் பீரியட்?

முகவர்: மெதுவாத்தானே போறேன்.

(புது ஆயில் ஊற்றிக் கிளப்பியதும் இன்ஜின் சத்தம் பாதியாக அடங்கியது. முகவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. மாலையைச் சரிசெய்து கொண்டிருந்தார். பையன் என் டயரைக் கையில் எடுத்தான்.)

முகவர்: தம்பி, அந்தக் கழிவு ஆயிலைக் கொட்டிராத. ஒரு பாட்டில்ல ஊத்திக் குடு.

மெக்கானிக்: செயினுக்கு ஆகாதுன்னு இப்பத்தானே சொன்னேன்?

முகவர்: செயினுக்கு இல்லப்பா, வீட்டு கேட்டுக்கு. ரெண்டு நாளா கீல் கிரீச் கிரீச்சுன்னு கத்துது. காதுல அந்தச் சத்தம் விழுந்தா மனுசன் சோறு திங்க முடியுதா? அதுக்கெல்லாம் அப்பப்ப ஒரு சொட்டு விட்டுக்கிட்டே இருக்கணும் தம்பி.