சின்ன வேன், பெரிய பேட்டரி

கேள்வி: கேம்பர் வேனில் 100 ஏ.ஹெச். லெட் ஆசிட் பேட்டரி இரவு தாங்கவில்லை. 200 வைக்க இடமில்லையே?

பதில்: அளவை விடுங்கள், ரகத்தை மாற்றுங்கள். லெட் ஆசிடில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் ஆயுசு குறையும். அதே 100 ஏ.ஹெச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 80, 90 வரை தாராளமாகத் தரும். 30 கிலோ சுமை 12 கிலோவாகும். ஆனால் பந்தியில் உட்கார்ந்த பசிக்காரன் அது. ஆல்டர்னேட்டரோடு நேரே இணைத்தால் அள்ளி அள்ளிக் கேட்டு ஆல்டர்னேட்டரையே கருக்கிவிடும். அளந்து பரிமாற நடுவில் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். ஒயர் தடிமனில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. பனிமலைக்குப் போகிறவர் என்றால் ஹீட்டர் உள்ளதாக வாங்குங்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் கெட்டுப்போகும்.