பத்தாவது நிமிடத்தில் எவ்வளவு வெளிச்சம்?

கேள்வி: டார்ச் பெட்டியில் ‘4000 லூமென், 2 மணி நேரம்’ என்று போட்டிருக்கிறது. எரியவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், தேனி

பதில்: இல்லை. 4000 உண்மை, 2 மணி நேரமும் உண்மை. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்றுதான் பெட்டி எங்கேயும் சொல்லவில்லை! டார்ச் கம்பெனிகள் பலவும் பின்பற்றும் எஃப்.எல்.1 என்ற அமெரிக்க அளவீட்டு முறை 2009-இல் வந்தது. அதன்படி, சுவிட்சைப் போட்ட 30-வது நொடிக்கும் 2-வது நிமிடத்துக்கும் இடையில் அளந்த வெளிச்சம்தான் லூமென் கணக்கு. எரியும் நேரமோ, அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்வரை ஓடும் கணக்கு. உங்கள் டார்ச் 400 லூமெனுக்கு இறங்கும்வரை அவர்கள் கடிகாரத்தை நிறுத்த மாட்டார்கள்.

கடையில் நின்றபடியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 21700 செல் ஒன்று, 5000 எம்.ஏ.எச்., 3.6 வோல்ட். பெருக்கினால் 18 வாட்-மணி. 4000 லூமெனுக்கு ஏறத்தாழ 40 வாட் தேவை. சூடே ஏறாத அதிசய டார்ச்சாக இருந்தாலும் அரை மணி நேரம் தாண்டாது.

கேள்வி: தாத்தா வைத்திருந்த மூன்று கட்டை டார்ச் ராத்திரி முழுக்க எரிந்தாலும் கை சுட்டதில்லை. எல்.இ.டி. குளிர்ச்சியானது என்கிறார்கள், இது ஏன் கொதிக்கிறது?
– வாசகி, அரியலூர்

பதில்: தாத்தாவின் பல்பு ஓரிரண்டு வாட்டில் எரிந்தது. அந்தச் சூட்டிலும் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக முன்கண்ணாடி வழியே வெளிச்சத்தோடு வெளியேறிவிட்டது. எல்.இ.டி.யின் ஒளிக்கற்றைதான் குளிர்ச்சி. அதன் சூடு பின்பக்கமாக இறங்கி, செம்புத் தகட்டில் ஏறி, அலுமினிய உடம்பு வழியாக உங்கள் உள்ளங்கைக்கு வருகிறது. முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒளியானாலே பெரிது. 40 வாட்டில் இருபத்தைந்துக்கு மேல் சூடுதான்.

தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சின் எடை தொட்டியின் கொள்ளளவு. வெளிப்பரப்பு அதன் அடியிலுள்ள வடிகுழாய். கையடக்க டார்ச் ஒன்றை மேசைமேல் காற்றில்லாமல் வைத்தால், வடிகுழாயில் போவது இரண்டு மூன்று வாட்தான். உள்ளே வருவதோ இருபத்தைந்து. ஒன்றிரண்டு நிமிடத்தில் தொட்டி நிரம்பிவிடும். பிறகு வரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். கையில் பிடித்தால் உங்கள் ரத்த ஓட்டமே சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சைக்கிளில் மாட்டினால் எதிர்க்காற்று இன்னும் உதவும். எப்படிப் பார்த்தாலும், சட்டைப் பையில் அடங்கும் டார்ச் நின்று நிதானமாகத் தரக்கூடியது பெரும்பாலும் 500 முதல் 1000 லூமென் வரைதான். பெட்டியில் எத்தனை ஆயிரம் போட்டாலும் இயற்பியல் அதைப் படிப்பதில்லை.

கேள்வி: செம்பு டார்ச்சா, டைட்டானியம் டார்ச்சா?
– வாசகர், சிவகாசி

பதில்: அழகுக்கு டைட்டானியம், வேலைக்கு அலுமினியம். சூட்டைக் கடத்தும் திறன் செம்புக்கு ஏறத்தாழ 390, டார்ச் செய்யும் அலுமினியக் கலவைக்கு 167, டைட்டானியக் கலவைக்கு வெறும் 7. டைட்டானியத்தில் சூடு எல்.இ.டி.யைச் சுற்றியே தங்கிவிடும். செம்பு கனமானது என்பதால் டர்போவை, அதாவது முழு வேகத்தை, இன்னும் சிறிது நேரம் தாங்கும். ஆனால் பத்து நிமிடம் கழித்து, அதே அளவுள்ள அலுமினிய டார்ச்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வெளிப்பரப்பு ஒன்றுதானே!

கேள்வி: என்னுடையதும் நண்பருடையதும் 2000 லூமென், ஒரே செல், ஒரே பருமன். அவருடையது 800-இல் இறங்கி அங்கேயே நிற்கிறது. என்னுடையது நிமிடத்துக்கு நிமிடம் மங்குகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: வித்தியாசம் டிரைவர் சர்க்யூட்டில் இருக்கிறது. அவருடையதில் பக் அல்லது பூஸ்ட் வகை இருக்கும். செல்லின் வோல்டேஜை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது அது. செல் தளர்ந்தாலும் வெளிச்சம் தளராது. வீணாகும் சூடும் குறைவு. உங்களுடையதில் செல்லின் மின்சாரம் நேரடியாகப் பாயும் வகை இருக்கலாம். முதல் நிமிடத்தில் பிரமாதம், பிறகு செல் இறங்க இறங்க அதுவும் இறங்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: உங்கள் டார்ச் எதைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கிறது, கடிகாரத்தையா, வெப்பநிலையையா? சில மாடல்கள் இத்தனை நிமிடம் ஆனால் குறை என்று கண்ணை மூடிக்கொண்டு குறைக்கும். நல்ல மாடல்கள் உள்ளிருக்கும் வெப்ப உணரியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். காற்று வீசினால் திரும்ப ஏற்றும். ஆண்டுரில் என்ற மென்பொருள் உள்ள டார்ச்களில் வெப்ப உச்சவரம்பை நாமே வைத்துக்கொள்ளலாம். கூடுதல் விலை கொடுப்பதானால் நான் இதற்குத்தான் கொடுப்பேன், லூமெனுக்கு அல்ல.

கேள்வி: கொடைக்கானலில் நன்றாக எரிந்த டார்ச் சென்னையில் சோர்ந்துவிடுகிறதே?
– வாசகி, தாம்பரம்

பதில்: நமக்கும் அப்படித்தானே! உச்சவரம்பு 50 டிகிரி என்றால், 12 டிகிரிக் குளிரில் 38 டிகிரி இடைவெளி இருக்கிறது. சென்னையின் 32 டிகிரி இரவில் 18 மட்டும். அங்கே வெளியேறிய சூட்டில் பாதிகூட இங்கே வெளியேறாது.

கேள்வி: உள்ளே ஃபேன் வைத்தால் என்ன?
– வாசகர், ஓசூர்

பதில்: வைத்துவிட்டார்கள். இமாலென்ட் கம்பெனியின் எம்.எஸ்.18 என்ற 1,00,000 லூமென் டார்ச்சில் ஃபேன் சுழலும். அதைப் பையில் போட, முதலில் பெரிய பை தைக்க வேண்டும்.

கேள்வி: டார்ச் பைக்குள் தானே எரிந்து வேட்டியில் ஓட்டை விழுந்துவிட்டது!
– வாசகர், பரமக்குடி

பதில்: டர்போவில் முன்கண்ணாடி துணியை ஒட்டியிருந்தால் அப்படித்தான் ஆகும். பையில் போடும் முன் லாக் செய்யுங்கள், அல்லது பின்மூடியைக் கால் சுற்று தளர்த்துங்கள். பெரும்பாலான டார்ச்களில் அந்தக் கால் சுற்றிலேயே மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும்.

கேள்வி: இரவில் கடலைக் காட்டுக்குக் காவல் போகிறேன். காட்டுப்பன்றி வருகிறதா என்று தூரத்தில் பார்க்க வேண்டும். எதை வாங்கலாம்?
– விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நீங்கள் பார்க்க வேண்டிய எண் கேண்டெலா. அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் எத்தனை மீட்டர் எட்டும் என்று வரும். 40,000 கேண்டெலா என்றால் 400 மீட்டர். ஆனால் அந்த எல்லையில் விழுவது முழுநிலவு அளவு வெளிச்சம்தான். பன்றியை அடையாளம் காண அதில் பாதித் தூரத்தை நம்புங்கள். ஆழமான ரிஃப்ளெக்டர் உள்ள 1000 லூமென் டார்ச், அகலமாகக் கொட்டும் 4000 லூமெனைவிட உங்களுக்குப் பயன்படும், சூடும் குறைவு. நடக்க 100 லூமென் போதும். சத்தம் கேட்டால் மட்டும் முழு வேகத்தில் சில நொடிகள் அடியுங்கள். சார்ஜ் ஏறிய இன்னொரு செல்லைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். சாவிக்கொத்தோடு சேர்த்துப் பையில் போட வேண்டாம்.